யாரும் பிரிக்காத தாள்

1989-ஆம் வருஷம் மார்ச் கடைசியில் ஜெயசுந்தரிக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. ஹைதராபாத்தில் ஹப்சிகுடாவைத் தாண்டி இருந்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் பெர்சனல் டிபார்ட்மெண்டில் அவள் இருபத்தேழு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள். சமோசா, மிக்சர், சந்தன மாலை எல்லாம் வழக்கம்போல வந்தன. முதலில் எழுந்தவர், "ஜெயசுந்தரி மேடம் சேர்ந்த நாளிலிருந்தே எதையும் படிக்காமல் மேலே அனுப்ப மாட்டார்" என்றார். அடுத்தவர், "இப்போது நண்பர் சொன்னதுபோல" என்று தொடங்கி அதையே சொன்னார். மூன்றாமவர், "எல்லாருக்கும் தெரிந்த விஷயம்" என்றார். நாலாமவர், அவள் கை பட்ட ஃபைலில் ஒரு தப்புகூட வெளியே போனதில்லை என்று அடித்துச் சொன்னார்.

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ஜெயசுந்தரிக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். வெட்கமாவது, மண்ணாவது! கோபம். அவள் சேர்ந்த 1962-இல் அங்கே பேசிய நாலு பேரில் ஒருவர்கூட அந்த ஆபீஸில் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. முதல் பன்னிரண்டு வருஷம் அவள் எதையும் படித்ததே கிடையாது. அப்படிப் படிக்காமல் மேலே அனுப்பிய ஒரு தாள், லூர்துமேரி என்ற ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

ஜெயசுந்தரிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத். ரயில்வேயில் இருந்த மோசஸைக் கட்டிக்கொண்டு மல்காஜ்கிரிக்கு வந்தாள். மெட்ரிகுலேஷனும் டைப்பிங்கும் முடித்திருந்ததால் வேலை கிடைத்தது. வந்த சில மாதங்களிலேயே அவளுக்கு ஒரு பெயரும் கிடைத்தது. ஃபிளாக் குத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஃபிளாக் என்றால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஆபீஸ் ஃபைலில் ஒரு பக்கம் அதிகாரிகள் எழுதும் குறிப்புகள் இருக்கும், மறு பக்கம் கடிதங்கள் இருக்கும். குறிப்பு எழுதுகிறவர், "டாக்டரின் கடிதம், ஃபிளாக் ஏ" என்று எழுதுவார். அந்தக் கடிதத்தின் ஓரத்தில், 'ஏ' என்று எழுதிய வண்ணக் காகிதத் துண்டு ஒன்றைக் குண்டூசியால் குத்தி, வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி வைப்பார்கள். மேலே இருப்பவர் சந்தேகம் வந்தால் உடனே புரட்டிப் பார்க்கட்டும் என்று எந்தப் புண்ணியவானோ செய்து வைத்த ஏற்பாடு. ஆனால் நடைமுறை வேறு. துண்டு நீட்டிக்கொண்டிருந்தால், ஆதாரம் உள்ளே இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆதாரத்தைப் பார்க்கச் செய்த ஏற்பாடே, பார்க்காமல் இருப்பதற்கு வசதியாகிவிட்டது.

ஜெயசுந்தரி குத்திய ஃபிளாக்குகள் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், நூல் பிடித்தாற்போல நிற்கும். ஒருமுறை ஜெனரல் மேனேஜரே, "இது யார் கட்டிய ஃபைல்?" என்று கேட்டாராம். அந்தப் பாராட்டை அவள் செகந்திராபாத் சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எந்தத் துண்டுக்குக் கீழே எந்தத் தாள் இருக்கிறது என்பது அவளுக்கு நம்பராகத் தெரியும். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பாள். யாரும் கேட்கவும் இல்லை.

லூர்துமேரி அதே தொழிற்சாலையின் கேன்டீனில் இருந்தாள். ஆற்காட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்தவர்கள், அதனால் தமிழுக்கு நடுவே ஹைதராபாத் இந்தி ஊறிப்போயிருக்கும். பதினோரு வருஷமாகத் தற்காலிக வேலை. காய் நறுக்குவாள், மத்தியானம் தயிர்சாதம் பரிமாறுவாள். மல்காஜ்கிரியில் ஜெயசுந்தரி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தம்பி குடும்பத்தோடு இருந்தாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட். லூர்துமேரி சமையல் என்றால் தெருவே மணக்கும். அவளுடைய மாதா கோயில் திருவிழாவுக்கு அவள்தான் அண்டா வைப்பாள். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் என்ற இனிப்புப் பலகாரம் செய்து ஜெயசுந்தரியின் மகள் ஜூடித்துக்கு ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்புவாள்.

1974 ஜூலையில் தொழிற்சாலையில் டைபாய்டு வந்தது. இருபத்துமூன்று பேர் படுத்துவிட்டார்கள். லேத் ஓட்டும் டர்னர் ஒருவர் பிழைப்பாரா என்று இரண்டு வாரம் தெரியவில்லை. யூனியன்காரர்கள் கேட் வாசலில் கத்தினார்கள். டெல்லியிலிருந்து, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தந்தி வந்தது. நடவடிக்கை என்றால் ஒரு ஆள் வேண்டுமே.

ஆள் கிடைத்தாள். மே மாதம் லூர்துமேரியின் தம்பி குழந்தைக்கு டைபாய்டு வந்து, அவள் மூன்று நாள் லீவு போட்டிருந்தாள். இது கேன்டீனில் எல்லாருக்கும் தெரியும். உடம்பில் நோயே தெரியாமல் சிலருக்குள் டைபாய்டுக் கிருமி இருக்கும், அவர்கள் கை பட்ட சாப்பாட்டிலிருந்து பரவும் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவைத்தார். லூர்துமேரியின் மலத்தைப் பரிசோதனைக்கு ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாலு நாளில் அங்கிருந்து தபால் வந்தது.

அன்றைக்குப் பெர்சனல் டிபார்ட்மெண்ட் திருவிழாக் கூட்டம் மாதிரி இருந்தது. சூப்பரிண்டெண்ட் வெங்கடராமன் நின்ற வாக்கில் குறிப்புச் சொல்ல, ஜெயசுந்தரி டைப் அடித்தாள். ஆய்வகத்துத் தாள் நாலாக மடித்து வந்திருந்தது. மடிப்பின் வெளிப்பக்கத்தில் ஆய்வகத்தின் பெயரும் வட்ட முத்திரையும் தெரிந்தன.

"லேப் ரிப்போர்ட் வந்துடுத்து இல்லையா? ஃபிளாக் சி போடுங்கோ. மத்தியானத்துக்குள்ள மேல போகணும்" என்றார் வெங்கடராமன்.

ஜெயசுந்தரி துண்டில் சி என்று எழுதினாள். மடித்த தாளை மடித்தபடியே வைத்து, முத்திரைக்குப் பக்கத்தில் ஒரே குத்தாகக் குத்தினாள். ஃபிளாக் நேராக நின்றது.

ஐந்து அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் லூர்துமேரியை நிறுத்தியாயிற்று. அதை ரகசியமாகவாவது செய்தார்களா? இல்லை. கேன்டீன் வாசலில் இங்கிலீஷிலும் தெலுங்கிலும் இந்தியிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'நோய் பரப்புபவர் என்று பரிசோதனையில் உறுதியானதால்' என்று பெயரோடு போட்டிருந்தது. தொழிலாளர்கள் வட்டம் கட்டி நின்று படித்தார்கள். லூர்துமேரி தன் பாத்திரத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு அந்த வட்டத்தின் ஓரமாக நடந்து போனாள். ஆகஸ்டில் புதிதாக யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. "பாத்தீங்களா, அவ போனதும் நின்னுச்சு" என்று கேன்டீன் சூப்பர்வைசர் உலகநாதன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஜெயசுந்தரியும் நம்பினாள். அவள் கையால் ஃபிளாக் குத்திய விஷயம் ஆயிற்றே, நம்பாமல் இருப்பாளா? ஜூடித்திடம், "இனிமே அந்த வீட்டுல எதயும் வாங்கித் திங்கக் கூடாது, கேட்டியா?" என்றாள். எதிர்வீட்டுக் கமலமும் மற்றவர்களும் விசாரித்தபோது, தனக்குத் தெரிந்ததைப் பெரிய மனுஷி தோரணையில் சொல்லவும் சொன்னாள். ஆபீஸிலிருந்து வந்த செய்தி என்பதால் மல்காஜ்கிரியில் அதற்குத் தனி மதிப்பு. செப்டம்பர் மாதத் திருவிழாவுக்கு லூர்துமேரியை அண்டா பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி பெண்டாட்டி அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளைத் தெருவில் பார்த்தால் ஜெயசுந்தரி எதிர்ப்பக்கம் மாறிப் போனாள்.

நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெயசுந்தரி சர்ச் விட்டு வந்து கதவைத் திறக்கும்போது, கேட்டுக்கு வெளியே லூர்துமேரி நின்றாள். உள்ளே வரவில்லை. கேட்டைத் தொடக்கூட இல்லை.

"உள்ள வர மாட்டேன்க்கா, பயப்படாத" என்றாள். "ஒரு உதவி கேக்க வந்தேன். அந்த லேப் காயிதம் ஒரு காப்பி வேணும்."

"என்னத்துக்கு?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குள்ள கீற நோவ எடுத்துடுங்க, எவ்ளோ மாத்திர குடுத்தாலும் துன்றேன்னு சொன்னேன். அந்த டாக்டர், மொதல்ல ரிப்போர்ட் கொண்டா, இன்னா கிருமின்னு பாத்துத்தான் மருந்துன்றாரு. எங்கிட்ட யாரும் காட்டவே இல்லியே. கைக்கு, ஏன் காட்டலன்னு நானும் கேக்கல. நாலு மாசமா என் கையாலயே எனக்குப் பொங்கித் துன்ன பயமா கீதுக்கா."

ஜெயசுந்தரிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவளும் அல்லவா நம்பிக்கொண்டிருக்கிறாள்! திங்கட்கிழமை எடுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை ரெக்கார்டு ரூமில் அந்த ஃபைலைத் தேடி எடுத்தாள். மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடந்ததில் குண்டூசி துருப்பிடித்திருந்தது. காப்பி டைப் அடிப்பதற்காக ஃபிளாக் சி-யின் ஊசியை நகத்தால் நெம்பி எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள். பிரிக்கும்போது காகிதம் புதுசு போல மொடமொடத்தது.

உள்ளே மூன்று வரிதான் இருந்தது. வழியில் டப்பாவின் மூடி கழன்று சாம்பிள் கொட்டிவிட்டது. பரிசோதனை செய்யப்படவில்லை. புதிய சாம்பிள் அனுப்பவும்.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஊசி நாலு மடிப்பையும் சேர்த்துத் துளைத்திருந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டே இரண்டு ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துரு. ஊசியைக் கழற்றாமல் அந்தத் தாளைப் பிரிக்கவே முடியாது. கழற்றி மறுபடி குத்தியிருந்தால் வேறு ஓட்டை இருக்கும். இல்லை. ஐந்து அதிகாரிகளில் ஒருவரும் பிரிக்கவில்லை. பிரிக்க முடியாதபடி குத்தியவள் அவளேதான்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக, ஒரு ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் இதை யார் சொன்னது, அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று விரல் வைத்துக்கொண்டே போனாள். அப்படிப் பார்க்கப் பார்க்கக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபிளாக் ஏ, டாக்டரின் கடிதம். 'கேன்டீனில் ஏழு பேரையும் பரிசோதிக்க வேண்டும், வீட்டில் நோய் இருந்ததால் இந்தப் பெண்ணை முதலில் பரிசோதிக்கலாம்' என்றுதான் அவர் எழுதியிருந்தார். மற்ற ஆறு பேரின் பேச்சையே காணோம். ஃபிளாக் பி, உலகநாதனின் கடிதம். 'அவளால்தான் வந்தது என்று தொழிலாளர்கள் பேசிக்கொள்கிறார்கள்' என்று இருந்தது. எந்தத் தொழிலாளி? பெயர் இல்லை. வெங்கடராமனின் குறிப்பில் இது 'டாக்டரும் சூப்பர்வைசரும் சந்தேகிக்கிறார்கள், ஆய்வக அறிக்கை ஃபிளாக் சி' என்று ஆகியிருந்தது. அடுத்தவர் 'மேலே கண்ட அறிக்கையின்படி' என்று எழுதினார். அதற்கு அடுத்தவர் 'உறுதியாகியுள்ளது' என்றார். மற்ற இரண்டு பேரும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று முடித்துவிட்டார்கள். கீழே வெறும் வாய்ப்பேச்சாகக் கிளம்பியது ஐந்தாவது கையெழுத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பாகிவிட்டது. நடுவில் புதிதாக ஒரு தகவலும் சேரவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் எழுதியவரைப் படித்தார்களே தவிர, விஷயத்தைப் படிக்கவில்லை. என்ன அநியாயம் இது!

ஃபைலைத் தூக்கிக்கொண்டு வெங்கடராமனிடம் போனாள். அவர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"டாக்டர் பார்த்திருப்பார்னு நினைச்சேன்மா" என்றார் மெதுவாக. "இப்ப எதுக்கு இதைக் கிளர்றேள்? நாலு மாசம் ஆயிடுத்து. ஊரே மறந்தாச்சு."

"ஊரு ஒண்ணும் மறக்கல சார். அவளுக்கு அவ வீட்டுலயே தனித் தட்டு வச்சிருக்காங்க."

"மேனேஜர்ட்ட பேசிப் பாருங்கோ. நான் சொன்னேன்னு சொல்லாதேங்கோ."

கெட்டவர் இல்லை வெங்கடராமன். பயந்தவர். பயந்தவர்கள் எத்தனை பேரின் சோற்றில் கை வைத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் கெட்டவர்கள் எல்லாம் பின்னால்தான் நிற்பார்கள்.

பெர்சனல் மேனேஜர் நாராயணஸ்வாமி அப்படிப் பயந்த ஆள் இல்லை. தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"ஃபைவ் ஆபீசர்ஸ் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கோம். அஞ்சு பேரும் முட்டாளா?"

"பாக்கல சார். ஊசியக் கழட்டாம இதப் பாக்க முடியாது. ஓட்டையப் பாருங்க. ஒரே குத்து. ஜூலை மாசம் குத்துன ஊசிய நேத்து வரைக்கும் ஒருத்தரும் தொடல. அஞ்சு பேரு பாத்தாங்கன்னு சொல்லுதீங்க, ஒரு ஆளுகூடப் பாக்கலன்னு இந்தத் தாளே சொல்லுது."

அவர் முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. "சரி, டெஸ்ட் இல்ல. ரிசல்ட் பாரும்மா. அவளை அனுப்பின உடனே டைபாய்டு நின்னுதா இல்லையா? அதைவிட என்ன ப்ரூஃப் வேணும்?"

"சார், அதே வாரம் கேன்டீன் மேல இருக்க தண்ணித் தொட்டிய சிவில் செக்ஷன்காரங்க கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டாங்க. பத்து மாசமாக் கழுவாத தொட்டி. அந்த பில்லும் நம்ம ஆபீஸ் வழியாத்தான் போச்சு, இப்பதான் எடுத்துப் படிச்சேன். அதே வாரம் உலகநாதன் சார் மீசைய எடுத்தாரு. அவரு மீசை போனதும்தான் டைபாய்டு நின்னுச்சுன்னு நான் சொன்னா ஒத்துக்கிடுவீங்களா?"

அறைக்கு வெளியே டைப்ரைட்டர் சத்தம் நின்றுவிட்டது. நாராயணஸ்வாமி குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதை யாரு பின் பண்ணினது?"

"நான்தான்."

"அப்ப யோசிச்சுக்கோ. இது திறந்தா முதல்ல மெமோ உனக்குத்தான் வரும். ஆபீசர்ஸ் உன்னை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாங்கன்னு எழுதுவேன். தூக்கி ரெக்கார்டு ரூம்ல வை. அவளுக்கு வேற எங்கயாவது வேலைக்கு நான் சொல்லிவிடறேன்."

அன்று சாயங்காலம் மோசஸ், "என்னளா, அப்படியே உக்காந்துருக்க?" என்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அஞ்சு பேரு செஞ்ச தப்புக்கு நீ ஏன் தலையக் குடுக்க?" என்றான்.

"ஊசி எங்கையிலதான இருந்துச்சு? அவங்களாவது என்னை நம்புனாங்க. நான் யார நம்புனேன்? அந்த வட்ட முத்திரைய நம்புனேன்!"

மறுநாள் அவள் ஃபைலின் குறிப்புப் பக்கத்தில், ஐந்தாவது கையெழுத்துக்குக் கீழே, தானே ஒரு குறிப்பு எழுதினாள். குமாஸ்தா அங்கே தானாக எழுதுவது வழக்கமே இல்லை. ஃபிளாக் சி-யில் இருப்பது பரிசோதனை அறிக்கை அல்ல என்றும், பரிசோதனையே நடக்கவில்லை என்றும், அந்தத் தாளைப் பிரிக்காமலும் படிக்காமலும் குத்தியது தானே என்றும் எழுதினாள். ஏ-யிலும் பி-யிலும் இருப்பதையும் அப்படியே எடுத்து எழுதினாள். கடைசியில், இந்த ஃபைலில் லூர்துமேரிக்கு நோய் இருப்பதாகச் சொல்லும் தாள் ஒன்றுகூட இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தபால் ரிஜிஸ்டரில் நம்பர் போட்டு மேலே அனுப்பினாள். நம்பர் போட்ட பிறகு யாராலும் விழுங்க முடியாது.

மெமோ வந்தது. அவளுக்கு மட்டும் வந்தது. 'கவனக்குறைவுக்காகக் கண்டிக்கப்படுகிறார்' என்று சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. ஐந்து அதிகாரிகளுக்கும் ஒரு வரி இல்லை. அதில் ஒருவருக்கு அந்த டிசம்பரில் பிரமோஷன்கூட வந்தது. இதை எழுதும்போதுகூடப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் பரிசோதனை நடந்தது. ஒரு வார இடைவெளியில் மூன்று தடவை சாம்பிள் எடுத்தார்கள். இந்த முறை ஜெயசுந்தரியே ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு, ஆய்வகம் வரைக்கும் டப்பாவோடு போனாள். மூன்றிலும் கிருமி இல்லை. தை பிறப்பதற்கு முன்னாலேயே லூர்துமேரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உத்தரவு தயாராகிவிட்டது.

அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு ஜெயசுந்தரி ஓட்டமும் நடையுமாக லூர்துமேரி வீட்டுக்குப் போனாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள். "நோயிலிருந்து குணமடைந்ததைத் தொடர்ந்து, கருணை அடிப்படையில், மறுபடியும் கேன்டீன் உதவியாளராக… ஏட்டி, வேலை கெடச்சிட்டு! இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று பேனாவை நீட்டினாள்.

லூர்துமேரி பேனாவை வாங்கவில்லை.

"மொத வரிய இன்னொரு தரம் படிக்கா."

ஜெயசுந்தரி படித்தாள். படிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு நோவு இருந்துச்சு, அப்பறம் நல்லாயிட்ச்சுன்னா சொல்றாங்க?"

"ஆமா."

"நோவே இல்லாம எப்டிக்கா நல்லாவும்? யாரு வைத்தியம் பண்ணாங்க எனக்கு? எந்த டாக்டரு?" அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நக்கோ, வேணாம். இதுல நான் கை வெக்க மாட்டேன். கருணையாம்! திருடன்னு கட்டி வெச்சு அடிச்சுட்டு, போனாப் போவுது, இப்ப திருந்திட்டான்னு அவுத்து வுடற மாதிரி கீது. இத்த எடுத்துனு போய் அவங்க மூஞ்சில போடுக்கா."

இரண்டு மாதம் முன்புதான் ஒரு ஃபைலையே வரி வரியாகப் பிய்த்துப் போட்ட ஜெயசுந்தரிக்குக் காது கூசியது. சந்தோஷத்தில் அவள் முதல் வரியைப் படித்தும் படிக்காதவளாகிவிட்டாள். கோபம் இருக்கும்போது கூராகப் படித்த கண், நல்ல சேதி என்றதும் மங்கிப்போயிற்று. இங்கிலீஷ் தெரியாத லூர்துமேரி காதால் கேட்டே கண்டுபிடித்தாள், ஏனென்றால் அந்த வரி அவளுடைய உடம்பைப் பற்றியது.

"வேலை குடுத்தா வேண்டாங்கறாளா?" என்று நாராயணஸ்வாமி குதித்தார். "இந்த வாக்கியத்துக்கு ஆதாரம் எந்தப் பக்கத்துல இருக்கு சார், ஃபிளாக் குத்தணும்" என்று ஜெயசுந்தரி கேட்டாள். அவர் உத்தரவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இரண்டு தடவை உத்தரவு திரும்பிப் போய், மூன்றாவது தடவை, பிப்ரவரி கடைசியில், 'முந்தைய உத்தரவு பரிசோதனை ஏதும் இன்றிப் பிறப்பிக்கப்பட்டதால் ரத்து செய்யப்படுகிறது' என்று வந்தது. அதே மூன்று பாஷையில் கேன்டீன் வாசலில் ஒட்டச் சொல்லி லூர்துமேரி பிடிவாதம் பிடித்தாள். ஒட்டினார்கள். பழைய நோட்டீஸைப் படிக்க நின்ற கூட்டத்தில் கால்வாசிகூட இதற்கு நிற்கவில்லை.

பஸ்ஸில் மறுபடி பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள். ஆனால் மார்ச் மாதம் முழுக்க மல்காஜ்கிரியில் ஒன்றும் மாறவில்லை. தெருக்காரர்களுக்குக் கேன்டீன் நோட்டீஸா தெரியும்? தம்பி பெண்டாட்டி தனித் தட்டை எடுக்கவில்லை, ஏனென்றால் தெருவில் எல்லாரும் இன்னும் அதையே சொல்கிறார்களாம். ஈஸ்டருக்கு லூர்துமேரி கொடுத்தனுப்பிய பலகாரத்தை இரண்டு வீட்டில் வாங்கிவைத்துக் குப்பையில் போட்டார்கள். அதைக் கேட்ட அன்றே ஜெயசுந்தரி மூன்று பரிசோதனை ரிப்போர்ட்டின் காப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதல் வீடு கமலத்தினுடையது.

கமலம் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றே கேட்டாள். லூர்துமேரிக்கு எப்போதுமே டைபாய்டு இருந்ததில்லை, அது முழுப் பொய் என்று ஜெயசுந்தரி சொல்லி முடித்ததும், அவள் முகத்தைச் சுளித்தாள்.

"அப்படியா? யாரு சொன்னா? வேலை திரும்பக் கெடைக்கணும்னு என்ன வேணா சொல்லுவாங்க. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஏதாவது இருக்கா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

ஜெயசுந்தரிக்குச் சுர்ரென்று ஏறியது. "இம்புட்டு கேள்வி கேக்கத் தெரியுதுல்ல? போன ஜூலையில அவளுக்கு நோய்னு ஊரு சொன்னப்ப, இதுல ஒரு கேள்விய ஏன் நீங்க கேக்கல? பொய்யின்னா அப்படியே முழுங்குவீங்க, உண்மைக்கு மட்டும் ரிப்போர்ட் வேணுமோ?"

கமலம் அசரவில்லை.

"ஊரு எங்க சொல்லுச்சு? நீங்கதான் சொன்னீங்க. இதே வாசல்ல நின்னு, 'ஃபைல்ல இருக்கு, என் கண்ணால பாத்தேன்'னு சொன்னீங்க. ஆபீஸ்ல இருக்கற மனுஷி கண்ணால பாத்தேன்னு சொல்லும்போது, எங்க ரிப்போர்ட்டைக் காட்டுன்னா கேப்பாங்க?"

ஜெயசுந்தரி பையைத் திறந்து மூன்று தாள்களையும் எடுத்து, மடிப்பைப் பிரித்து, கமலத்தின் கையில் கொடுத்தாள். அவள் படித்து முடிக்கும் வரை வாசலிலேயே நின்றாள். அந்தத் தெருவில் இன்னும் பதினான்கு வீடுகள் இருந்தன.